யாழ்ப்பாணத்தில் யாரை எப்படி விளிப்பது, யாருக்கு எப்படி எழுதுவது: புதிதாகக் குடியேறுவோருக்கான வழிகாட்டி

மேலதிகாரியையும் பேராசிரியரையும் பெயர் சொல்லி அழைத்தே பழகிய ஒரு நாட்டில் நீண்ட காலம் வேலை பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தில் வந்து குடியேறியவன் நான். குடும்பக் காணியின் உறுதி (உரிமைப் பத்திரம்), பிள்ளைகளின் பாடசாலை அனுமதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியபோது, யாரை என்ன சொல்லி அழைப்பது, கடிதத்தை எந்தப் பெயருக்கு எழுதுவது, என் பெயரையே படிவத்தில் எந்த ஒழுங்கில் நிரப்புவது என்ற கேள்விகளே என் நாட்களில் பெரும்பகுதியை விழுங்கின. கேட்டால் எல்லோரும் அன்பாகச் சொல்லித் தருவார்கள். ஆனால் இவையெல்லாம் கேட்டறிய வேண்டியவை என்பதே புதிதாக வருபவருக்குத் தெரிவதில்லை.

அடிப்படை இதுதான். வயதிலோ பதவியிலோ மூத்த ஒருவரின் பெயரை இங்கே முகத்துக்கு நேரே உச்சரிப்பது குறைவு. உறவுமுறையும் பதவியுமே வாயில் வரும். அதே பெயர் தாளில் ஏறும்போது தலைப்பெழுத்தோடும் பட்டத்தோடும், ஓர் எழுத்தும் பிசகாமல் ஏறவேண்டும். பேச்சையும் தாளையும் தனித்தனியே கற்றுக்கொள்ளுங்கள்.

1. உங்களை அறிமுகப்படுத்தத் தயாராகுங்கள்

ஊரில் எவரைச் சந்தித்தாலும் உங்கள் பெயருக்கு முன்னரே "எந்த ஊர்?", "நீங்கள் ஆற்றை (யாருடைய) பிள்ளை?" என்ற கேள்விகள் வரும். இதைத் துருவல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தந்தையோ பாட்டனோ தெரிந்தவராக இருந்தால், உங்களைத் தம்பி என்பதா, மருமகன் என்பதா, பிள்ளை என்பதா என்று அவர் முடிவு செய்வது அந்தப் பதிலை வைத்துத்தான். அவர் உங்களை அழைக்கும் முறையைக் கொண்டே நீங்கள் அவரை அழைக்கவேண்டிய முறையும் துலங்கிவிடும். "மருமகள்" என்றவர் உங்களுக்கு மாமா அல்லது மாமி.

ஆகையால் தந்தையின் பெயர், தாயின் ஊர், குடும்பத்தை ஊரில் எந்த அடையாளத்தால் குறிப்பிடுவார்கள் என்ற மூன்றையும் வீட்டு மூத்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். இங்கே ஓய்வுபெற்றவரோடும் தொழில் ஒட்டிக்கொண்டே இருக்கும். மாஸ்டர் (ஆசிரியர்), ஓவசியர் (வேலை மேற்பார்வையாளர்), கிளாக்கர் (எழுதுவினைஞர்), பரியாரியார் (நாட்டு வைத்தியர்), சம்மாட்டியார் (மீன்பிடித் தொழில் முதலாளி) என்று ஒருவரை ஊர் அழைத்தால் அவர் மறைந்த பின்னரும் பிள்ளைகள் "ஓவசியரின் மகன்", "பரியாரியாரின் பேத்தி" என்றே அறியப்படுவார்கள். ஒருவருடைய வீட்டைத் தேடிப் போகும்போது பதிவுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம், "மாஸ்டர் வீடு எது?" என்று கேட்டால் ஒழுங்கை முனையிலேயே வழி காட்டிவிடுவார்கள்.

2. நீ, நீர், நீங்கள்: மூன்றின் இடத்தையும் அறிந்துகொள்ளுங்கள்

தமிழகத்திலிருந்து வருபவர்கள் அதிகம் தடுமாறுவது "நீர்" என்பதில். யாழ்ப்பாணப் பேச்சில் அது அன்றாடச் சொல். ஆசிரியர் வளர்ந்த மாணவரிடமும், கணவன் மனைவியிடமும், சக ஊழியர்கள் தமக்குள்ளும் "நீர் வாரும்", "நீர் சொல்லும்" என்பார்கள். அதில் அவமதிப்பும் இல்லை, பெரும் மரியாதையும் இல்லை. சற்றே அளவோடு நிற்கும் நெருக்கம் இருக்கிறது. ஒருவர் உங்களிடம் நீர் என்றால் நீங்கள் திருப்பி நீர் என்னவேண்டியதில்லை. உங்கள் பக்கத்திலிருந்து எல்லோருக்கும் "நீங்கள்", "வாங்கோ", "இருங்கோ" என்றே தொடங்குங்கள். அவர் உங்களைவிட இளையவர், பழக்கமும் நெருங்கிவிட்டது என்றானபின் மாற்றிக்கொள்ளலாம்.

படர்க்கையிலும் ஒரு பொறி உண்டு. "அவ வந்தவ" என்று ஒரு பெண்ணைப் பற்றி இங்கே சொன்னால் அது மரியாதையான பேச்சு. "அவள்" என்றால்தான் மரியாதை குறையும். அதேபோல "அவை" என்பது மனிதர்களையும் குறிக்கும். கேட்ட மாத்திரத்தில் மனம் நோகாதீர்கள். சில வாரங்களில் காது பழகிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோட்டத்தில், கிணறு இறைக்கும் இடத்தில், துப்புரவு வேலையில், கள்ளிறக்கும் சீவல் தொழிலில் இருக்கும் தலை நரைத்த ஒருவரை, அவரைவிடப் பாதி வயதுள்ள ஒருவர் "நீ" என்று பெயர் சொல்லி அழைப்பதை நீங்கள் இன்றும் சில இடங்களில் கேட்கக்கூடும். அது சாதிமுறை நமக்கு விட்டுச்சென்ற வழக்கம். ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று எண்ணி அதைப் பின்பற்றாதீர்கள். புதிதாக வந்தவர் என்பதால், உங்களுக்கு எவரையும் ஒருமையில் அழைக்கவேண்டிய பழைய கட்டாயம் எதுவும் இல்லை. அண்ணை, ஐயா, அம்மா என்று தொடங்குங்கள். வேலைக்கு வந்தவரும் அதைக் கவனிப்பார், வீட்டிலுள்ள பிள்ளைகளும் கவனிப்பார்கள்.

3. அயலிலும் தெருவிலும் உறவுமுறை சொல்லுங்கள்

உங்களைவிட மூத்த ஆணை அண்ணை, மூத்த பெண்ணை அக்கா, பெற்றோர் வயதினரை மாமா, மாமி அல்லது அங்கிள், அன்ரி, அதற்கும் மூத்தவர்களை ஐயா, அம்மா என்று அழைத்தால் பிழை நேராது. அப்பு, ஆச்சி என்ற சொற்களில் வாஞ்சை இருந்தாலும், அவற்றை எவரும் முதல் நாளே விரும்புவதில்லை. வீட்டார் அப்படி அழைப்பதைக் கேட்ட பிறகு அழையுங்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு அன்ரியைவிட அக்கா பாதுகாப்பானது. பெயரைச் சேர்க்க விரும்பினால் பெயருக்குப் பின் உறவுமுறை வரவேண்டும். ஓட்டோ ஓட்டுபவர், பேருந்து நடத்துநர், கடையில் நிற்பவர் எல்லோருக்கும் அண்ணையும் தம்பியும் போதும்; கடையின் உரிமையாளரை முதலாளி என்பதும் வழக்கம். முஸ்லிம் அயலவரிடையே மூத்த ஆணை நானா என்றும், மக்கா சென்று வந்த பெரியவரை ஹாஜியார் என்றும் அழைப்பார்கள்.

4. அலுவலகத்தில் பதவியை அறிந்து உள்ளே போங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. உங்கள் வீடு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை, பிரிவின் இலக்கத்தோடு முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் கிராம அலுவலரை ஜீ.எஸ். என்றும், மூத்தவர்கள் விதானையார் என்றும், பிரதேச செயலாளரை டீ.எஸ். என்றும், மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்றும் குறிப்பிடுவார்கள். இவை அவரைப் பற்றிப் பேசுவதற்கு உரிய சொற்கள். அவரிடமே பேசும்போது ஆணாயின் "சேர்", பெண்ணாயின் "மேடம்" அல்லது "மிஸ்" என்பதே நடைமுறை. மேசையில் பெயர்ப்பலகை இருப்பதற்காக அந்தப் பெயரைச் சொல்லி அழைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நட்பு காட்டும் எண்ணத்தோடு செய்யும் இக்காரியம் இங்கே நேர் எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும்.

அலுவலகப் பணியாளரைக் "கே.கே.எஸ்." என்று குறிப்பிடுவதைக் கேட்டால், அதே சுருக்கத்தால் வழங்கும் காங்கேசன்துறை என்ற ஊர் என்று குழம்பவேண்டாம், அது அரச அலுவலகங்களில் வழங்கும் பதவிப் பெயரின் சுருக்கம். நீங்கள் அவரை அண்ணை அல்லது அக்கா என்று அழையுங்கள். எந்த மேசைக்குப் போகவேண்டும், எந்த அதிகாரி இன்று வெளிக்களத்துக்குப் போயிருக்கிறார் என்பதை உங்களுக்குச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

கிராம அலுவலர் எல்லா நாட்களிலும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். வெளிக்கள வேலை, செயலகக் கூட்டம் என்று நாட்கள் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த நாட்களில் பொதுமக்களைச் சந்திப்பார் என்பதை அலுவலகக் கதவில் ஒட்டியிருப்பார்கள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் வீண் பயணம் தவிரும்.

5. கடிதத்தைப் பதவிக்கு எழுதுங்கள்

அரச அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் முகவரியின் முதல் வரியாகப் பதவி வரவேண்டும்: பிரதேச செயலாளர், பிரதேச செயலகம், நல்லூர். பெயர் வேண்டாம். அரச சேவையில் வருடாந்த இடமாற்றங்கள் ஜனவரியில் நடைமுறைக்கு வரும். டிசம்பரில் ஒருவருடைய பெயருக்கு எழுதிய கடிதம், அவர் மாறிப் போன புதிய அலுவலகத்துக்குப் பின்னால் திரிவதும், அல்லது தனிப்பட்ட கடிதம் என்று எவரும் திறக்காமல் கிடப்பதும் உண்டு. பதவிக்கு எழுதிய கடிதம் அந்த நாற்காலியில் இருப்பவரிடம் போய்ச் சேரும்.

மேலதிகாரிக்கு எழுதும்போது இடையிலுள்ள அதிகாரியைத் தாண்டக்கூடாத சந்தர்ப்பங்கள் உள்ளன. அப்போது "ஊடாக" என்று குறித்து இடைநிலைப் பதவியை எழுதவேண்டும். அரசாங்க அதிபருக்கான (மாவட்டச் செயலாளருக்கான) கடிதம் பிரதேச செயலாளர் ஊடாகப் போகவேண்டும் என்றால், நேரே கொடுத்த பிரதி திரும்பக் கீழே வந்து, மறுபடி மேலே போய்ச் சேர வாரங்கள் ஆகும். விளிப்பு "ஐயா" அல்லது "அம்மணி". இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் "ஐயா/அம்மணி" என்றே எழுதலாம். அதற்குக் கீழே விடயத்தைத் தலைப்பாக எழுதி அடிக்கோடிடுங்கள். முடிவில் "இங்ஙனம், உண்மையுள்ள" என்று எழுதி, கையொப்பத்தின் கீழ் உங்கள் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். பொலிஸ் நிலையத்துக்கு எழுதுவதானால் பொறுப்பதிகாரிக்கு எழுதவேண்டும். பாடசாலைக்கு எழுதுவதானால் அதன் தலைவரான அதிபருக்கு. அமைச்சர், ஆளுநர், பாராளுமன்ற உறுப்பினர் ஆகியோருக்கு இங்கே "கௌரவ" என்ற அடைமொழி வழங்குகிறது. தமிழகத்து "மாண்புமிகு" பழக்கத்தில் இல்லை.

கடிதத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியோடு 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரை வாங்கி உங்கள் கோவையில் வையுங்கள். தபாலில் அனுப்புவதானால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை அந்தப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

6. உங்கள் பெயரை ஒழுங்குபடுத்துங்கள்

இந்தப் படியில்தான் பணமும் காலமும் கரையும். ஆறுதலாக வாசியுங்கள்.

நம்மவர்களிடம் பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் பொதுவாக இல்லை. தந்தையின் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. கந்தசாமியின் மகன் சிவபாலன் என்றால் கந்தசாமி சிவபாலன், சுருக்கமாகக் க. சிவபாலன். அவருடைய மகள் மாதவி, சிவபாலன் மாதவி. அவருடைய மனைவி திருமணத்துக்குப் பின் தம் பெயருக்கு முன்னால் சிவபாலன் என்று எழுதலாம், தந்தையின் பெயரையே தொடரவும் செய்யலாம். குடும்பப் பெயர், பிற பெயர்கள் என்று இரு கட்டங்கள் உள்ள படிவத்தை இவர்கள் நிரப்பினால் ஒரே வீட்டில் இரண்டு அல்லது மூன்று குடும்பப் பெயர்கள் தோன்றும். வெளிநாட்டு அலுவலகங்களில் சிவபாலனைக் கந்தசாமி என்று அழைப்பார்கள். அது இவருடைய தகப்பனாரின் பெயர்.

ஆகவே எந்த விண்ணப்பத்தையும் தொடுவதற்கு முன், பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, திருமணப் பதிவு, காணி உறுதி, கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தலைப்பெழுத்து விடுபட்டிருக்கிறதா, சிவகுமாரன் எங்கேனும் சிவகுமார் ஆகியிருக்கிறதா, "பிள்ளை" என்ற ஈறு ஓரிடத்தில் இருந்து மற்றோரிடத்தில் இல்லையா, ஸ்ரீயும் சிறீயும் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டில் அழைக்கும் பெயர் உறுதியிலும், பதிவுப் பெயர் அடையாள அட்டையிலும் இருப்பது மூத்தவர்களிடம் மிகச் சாதாரணம்.

பிறப்புச் சான்றிதழையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பெறலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்திருந்தால் கட்டணம் குறைவு. ஏடுகளைத் தேடவேண்டியிருந்தால் கட்டணமும் கூடும், நாட்களும் கூடும். பழைய பிரதி ஒன்று வீட்டில் எங்கேனும் இருக்கிறதா என்று அலுமாரிகளையும் இரும்புப் பெட்டிகளையும் தேடிவிட்டுப் போவது நல்லது.

வேறுபாடு சிறியதாக இருந்தால், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசி (உண்மையென்று சத்தியம் செய்து ஒப்பமிடும் பத்திரம்) முடிப்பது வழக்கம். ஆனால் அதை முடிப்பதற்கு முன், அந்த ஆவணத்தை ஏற்கவேண்டிய அலுவலகத்திடம் சத்தியக்கடதாசி போதுமா, பதிவிலேயே திருத்தம் வேண்டுமா என்று கேளுங்கள். கேட்காமல் முடித்துவிட்டுப் பின்னர் திருத்தத்துக்கு அலைபவர்கள் ஏராளம். சத்தியக்கடதாசியில் சமாதான நீதவான் ஒப்பமிடுவதற்குப் பணம் அறவிடுவது முறையன்று. தட்டச்சுக் கூலி வேறு. சட்டத்தரணி மூலம் முடித்தால் அவருடைய கட்டணத்தை முன்கூட்டியே கேட்டறியுங்கள். எத்தனை மூலப்பிரதிகள் வேண்டுமோ அத்தனையையும் ஒரே தடவையில் ஒப்பமிட்டு வாங்குங்கள்.

கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழைக் கடைசியாக எடுங்கள். பிரதேச செயலாளரின் மேலொப்பம் பெற்ற நாளிலிருந்து ஆறு மாதங்களே அது செல்லுபடியாகும். மற்ற ஆவணங்கள் சேர்வதற்குள் அது காலாவதியாகி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியவர்களை நான் அறிவேன்.

மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தமிழ்ப் பெயரைத் தமக்குச் சரியென்று பட்ட ஆங்கில எழுத்தில் எழுதுவார். கடவுச்சீட்டில் வேறு எழுத்து இருந்தால் தூதரகத்தில் இரண்டும் பொருந்தாது, முழு மொழிபெயர்ப்பையும் மறுபடி செய்யவேண்டி வரும். அந்த இரண்டாம் கட்டணத்தை ஒரு நிழற்பிரதி மிச்சப்படுத்திவிடும்.

7. பாடசாலை, பல்கலைக்கழகம், வைத்தியசாலை, வழிபாட்டிடம்

பாடசாலையில் ஆண் ஆசிரியர் சேர், பெண் ஆசிரியர் ரீச்சர் அல்லது மிஸ். பெற்றோரும் அப்படியே அழைக்கவேண்டும்; ஆசிரியர் உங்களைவிட எவ்வளவு இளையவராக இருந்தாலும் பிள்ளையின் முன்னால் பெயர் சொல்லாதீர்கள். பல்கலைக்கழகத்தில் கலாநிதி என்பது ஆய்வுப் பட்டம் பெற்றவர் பெயருக்கு முன் வருவது, தமிழகத்தில் முனைவர் என்பதற்கு இணை. மருத்துவரைத் தாளில் வைத்தியர், வைத்திய கலாநிதி என்றும், நேரில் டொக்டர் என்றும் அழைப்பார்கள். பேராசிரியராகிவிட்ட ஒருவரைக் கலாநிதி என்று மட்டும் அழைப்பிதழில் போட்டால் அது தரக்குறைப்பாகப் படும். அச்சிடுவதற்கு முன் உறுதிசெய்யுங்கள். தாதியரை மிஸ் அல்லது மிஸி என்பார்கள்.

கோயிலில் குருக்களை ஐயா என்று அழைக்கவேண்டும். எழுத்தில் பெயருக்கு முன் சிவஸ்ரீ அல்லது பிரம்மஸ்ரீ வரும். இரண்டில் எது உரியது என்பதைக் கோயில் அலுவலகத்திலேயே கேளுங்கள். கத்தோலிக்கக் குருவானவரை ஃபாதர் அல்லது சுவாமி என்று அழைத்து, தாளில் அருட்தந்தை என்று எழுதவேண்டும், கன்னியர் அருட்சகோதரி. பள்ளிவாசலில் மௌலவி.

8. அழைப்பிதழும் மரண அறிவித்தலும்

திருமண அழைப்பிதழில் மணமக்கள் திருநிறைச்செல்வன், திருநிறைச்செல்வி, பெற்றோர் திரு, திருமதி, மறைந்தவர் அமரர். இந்தக் கடைசி அடைமொழியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பழைய அழைப்பிதழ் ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அச்சடிப்பிக்கும்போது, உயிரோடிருப்பவர் முன்னால் அமரர் ஒட்டிக்கொள்வதும், மறைந்தவர் முன்னால் அது விடுபடுவதும் நடக்கக்கூடியவை. பட்டியலை இரு பக்க உறவினர்களிலும் மூத்த ஒருவரிடம் வாசித்துக் காட்டி, ஒப்புநோக்குப் பிரதியில் அவருடைய கையாலேயே திருத்தம் வாங்கிய பின்னர் அச்சுக்குக் கொடுங்கள். மறு அச்சுக்கு முழுச் செலவும் மறுபடி ஆகும். அழைப்பிதழை நெருங்கிய உறவினரிடமும் அயலவரிடமும் நேரில் கொண்டு சென்று, வாயாலும் சொல்லவேண்டும். தபாலில் வந்த அழைப்பை அழைப்பாகவே கொள்ளாத மூத்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கான நாட்களையும் கணக்கில் சேர்த்து அச்சிடும் திகதியைத் தீர்மானியுங்கள்.

மரண அறிவித்தலில் இடம் பெரிதானால் கட்டணமும் பெரிதாகும் என்பதால் சிலர் பட்டங்களைச் சுருக்கப் பார்ப்பார்கள். பெயர்களின் ஒழுங்கும் உறவுமுறையும் முதலில். இடம் மிஞ்சினால் பட்டங்கள். ஊர் வழங்கும் பெயரைப் பதிவுப் பெயரின் அருகே சேர்க்க மறக்கவேண்டாம். பதிவுப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த ஓவசியர் அவர்தான் என்று அறியாமல் இறுதிக் கிரியைக்கு வராமற் போனவர்கள் உண்டு.

9. பெயர் சொல்லி அழைக்கும் அலுவலகங்கள்

யாழ்ப்பாணத்திலும் இப்போது தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் சில சர்வதேச அமைப்புகளிலும் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசும்போது வெறும் பெயர், தமிழுக்கு மாறியதும் பெயரோடு அண்ணா அல்லது அக்கா என்று அதே ஆட்கள் இடத்துக்கேற்ப மாறுவதைக் காண்பீர்கள். இது எனக்கு நல்ல ஏற்பாடாகவே படுகிறது. எவருக்கும் மரியாதை குறையவில்லை, இளையவர்கள் கூட்டத்தில் வாய் திறக்கவும் முடிகிறது. ஆனால் அந்த நிறுவனத்தின் பிரதிநிதியாகக் கச்சேரிக்குக் கடிதம் எழுதும்போது ஐந்தாம் படிக்குத் திரும்பிவிடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் முதல் மின்னஞ்சலைப் பதவியையும் முழுப் பெயரையும் வைத்தே எழுதுங்கள். பதிலில் அவர் தம் பெயரை மட்டும் இட்டு முடித்திருந்தால், அடுத்த மின்னஞ்சலில் நீங்களும் அந்தப் பெயரால் அழைக்கலாம். பதவியோடு முடித்திருந்தால் அவ்வாறே தொடருங்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டால், வாசலில் இருப்பவரிடம் உள்ளே இருப்பவர்களை இங்கே எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். அதைக் கேட்பதற்கு எவரும் முகம் சுளிப்பதில்லை.